ஆறாவது நாள் கண்ணீர்

சேலையூர் கேம்ப் ரோட்டில், மொபைல் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது எங்கள் மறுவாழ்வு மையம். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள் எல்லாரும் இங்கே தங்கி மறுபடி நடக்கப் பழகுவார்கள். நான் ஹேமாவதி. பத்தொன்பது வருஷமாக பிசியோதெரபிஸ்ட். மடங்காத கையை மடக்குவதும் அதற்காகத் திட்டு வாங்குவதும் என் தொழில். நான் வருவதைப் பார்த்தாலே பாதி நோயாளிகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குகிற பாவனை செய்வார்கள். அதே ஆட்கள் ஜோவிதா வந்ததும் எழுந்து உட்கார்ந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறைப்பானேன்.

போன வருஷம் ஜூன் மாதம் அவள் எங்கள் மையத்தில் இசை சிகிச்சையாளராகச் சேர்ந்தாள். இருபத்தாறு வயது. வீடு மேற்குத் தாம்பரம். அப்பா ஃபிரெடி மின்சார ரயில் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர். பன்னிரண்டு வயதிலிருந்து சர்ச்சில் பாடகர் குழுவில் பாடியவள் என்பதால் குரலில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. சைக்காலஜி படித்தாள். பிறகு நாவலூரில், ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நடந்த பயிற்சி நிலையத்தில் ஒரு வருஷம் இசை சிகிச்சைப் பட்டயம் முடித்தாள். அந்த பேட்சில் அவள்தான் முதல்.

ஸ்கூட்டியின் முன்பக்கம் கீபோர்டை நிறுத்திக்கொண்டு வருவாள். பையில் ஒரு லேமினேட் செய்த அட்டை இருக்கும். எந்த வியாதிக்கு எந்த ராகம் என்று அதில் கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, தூக்கமின்மைக்கு ஒன்று, அடைபட்ட துக்கத்துக்கு சுபபந்துவராளி.

"மூட்டு வலிக்கு ஒண்ணு இருந்தா சொல்லும்மா. நான் வேலையை விட்டுட்டு வீட்ல உட்கார்ந்துக்கறேன்" என்றேன் முதல் நாளே.

"இருக்குக்கா, பின்பக்கம் இருக்கு" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினாள். கிண்டல் அவளுக்குப் புரியவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு அவளிடம் அத்தாட்சி இருந்தது. பயிற்சியின் கடைசி மாதம் ஊரப்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பி, ஆளுக்கொரு முதியவரை ஒப்படைத்து, பத்து நாள் சிகிச்சை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தவர் பொன்னியம்மாள். எழுபத்தொரு வயது. யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். ஜோவிதா தினமும் அரைமணி நேரம் பாடினாள். மூன்றாம் நாள் அம்மாள் திரும்பிப் பார்த்தார். ஆறாம் நாள் குலுங்கிக் குலுங்கி அழுதார். பத்தாம் நாள் சிரித்தார். சிரித்தபோது எடுத்த படம் ஜோவிதாவின் போனைத் திறந்தால் முதலில் தெரியும். இந்தக் கதையை அவள் எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. "ஆறாவது நாள் அழுதாங்கக்கா. அந்த நிமிஷம்தான் எனக்கு இந்த வேலை மேல விசுவாசமே வந்துச்சு" என்பாள். சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கும்.

ஜூலையில் ஜமால் பாய் வந்து சேர்ந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் பெயின்ட் கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டு வயது. பக்கவாதத்தில் வலது கை, வலது கால் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது ஓரளவு புரியும், ஆனால் வாயைத் திறந்தால் "அது... அது..." என்பதைத் தவிர ஒன்றும் வராது. முப்பது வருஷம் வாயால் வியாபாரம் செய்த மனிதருக்கு வந்த கதியைப் பாருங்கள். அவர் மனைவி ஜஹீரா காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டில் பக்கத்திலேயே இருப்பார். யாராவது ஒருவர், இவர் தேறிவிடுவார் என்று சொல்ல மாட்டார்களா என்று எங்கள் முகங்களைத் துழாவிக்கொண்டே இருப்பார்.

ஜோவிதா சொன்னாள். அட்டையைப் பார்த்து, இது அடைபட்ட துக்கம் என்று முடிவு கட்டி, சுபபந்துவராளியை ஆரம்பித்தாள். மூன்றாம் நாளே பாய் அழுதுவிட்டார். சாதாரண அழுகை இல்லை. முகம் கோணி, மூச்சு வாங்கி, தோள் குலுங்குகிற அழுகை. ஜோவிதா பாட்டை நிறுத்தவில்லை. கண்ணீர் வந்தால் நிறுத்தக் கூடாது, அதுதான் கதவு திறக்கிற நேரம் என்று நாவலூரில் படித்திருந்தாள்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. உள்ளே இருக்கறது வெளியே வருது. அவர் கையைப் பிடிச்சுக்கோங்க, விட்டுடாதீங்க" என்றாள் ஜஹீராவிடம்.

ஜஹீரா கணவரின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ், ஒரு மாசமா கல்லு மாதிரி இருந்தாங்க" என்று அவரும் சேர்ந்து அழுதார். எங்கள் மையத்து டாக்டர் போனில் வீடியோ எடுத்தார். சாயங்காலத்துக்குள் அது மையத்தின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. ஜோவிதா அன்றைக்குக் கேம்ப் ரோடு பேக்கரியில் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். நானும் ஒன்று தின்றேன்.

அடுத்த நான்கு வாரமும் இதே கூத்து. தினம் பதினோரு மணிக்கு அவள் பாடுவாள், அவர் அழுவார். பிறகு பாட்டே வேண்டாம், கீபோர்டு உறையின் ஜிப் சத்தம் கேட்டாலே முகம் கோண ஆரம்பித்தது. அதையும் முன்னேற்றம் என்று நோட்டில் எழுதினாள். பன்னிரண்டு மணிக்கு அவர் என்னிடம் வருவார். பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். நிற்க வைத்தால் கால் தள்ளாடும். நான் வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பிடிக்க வைத்துவிட்டு, என் அரைமணி நேரத்தை ஓட்டிவிடுவேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடித்த ஒரு வயதான அம்மாளை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். ஊரப்பாக்கம் முதியோர் இல்லத்தின் குளியலறையில் வழுக்கி விழுந்தவர். கட்டிலில் படுக்க வைத்து நான் காலை நேராக்கிக்கொண்டிருந்தபோது ஜோவிதா உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பொன்னியம்மா! என்னைத் தெரியுதா?"

அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தெர்யாம இன்னா? நீ பாட்டுப் பாட வந்த பொண்ணு தான? பாஸாயிட்டியா கண்ணு?"

"ஃபர்ஸ்ட் வந்தேன். உங்களாலதான்."

"அப்பாடி! அன்னிக்கு எனுக்கு ஜுரம் வேற. ஆறாம் நாளு கண்ணு தண்ணி வராம பூடுமோன்னு பேஜாராப் பூச்சு. நல்ல வேள, வந்துச்சு."

ஜோவிதாவின் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. "வராம போயிடுமோன்னா? என்ன சொல்றீங்க?"

பொன்னியம்மாளுக்கு இதில் ஒளிக்க ஒன்றும் இருப்பதாகவே தோன்றவில்லை. சந்தோஷமாகச் சொன்னார். "அதாங் கண்ணு, வார்டனம்மா முன்னாடியே சொல்லி வெச்சிருவாங்கல்ல. மொத நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு சுவத்தப் பாக்கணும். மூணாம் நாளு திரும்பிப் பாக்கணும். ஆறாம் நாளு அழுவணும். கடைசி நாளு சிரிக்கணும். மத்ததுங்களுக்கு அழுவவே வராது, எனுக்குத்தான் டக்குனு வரும். அத்தொட்டு நல்லாப் படிக்கிற புள்ளைங்களுக்கு என்னியே குடுத்துருவாங்க. உன்னோட சேத்து ஏளு பேட்சுக்கு அழுதுகீறேன்."

என் கை அவர் காலைப் பிடித்தபடியே நின்றது. ஜோவிதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் பாட்டு?"

"பாட்டு இன்னா?"

"அதைக் கேட்டு அழலையா நீங்க?"

"ஐய, அது எனுக்கு மொதல்லேந்தே புடிக்காது கண்ணு. சாவு வூடு மாரி கீது. நா எம் புள்ளய நெனச்சிகினு அழுவேன். உட்டுட்டுப் பூட்டான்ல, அத்த நெனச்சா எப்பவும் வரும்." பிறகு, எதையோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஜோவிதாவின் விரலைத் தொட்டார். "படிக்கிற புள்ளைங்க, நம்மளால ஃபெயில் ஆவக் கூடாதேன்னுதான். தப்பா?"

"இல்ல பொன்னியம்மா. உங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு ஜோவிதா என் உடற்பயிற்சி அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் போனை மேஜையில் வைத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். அழைத்தது பத்ரிநாராயணனை. அவர்தான் அந்தப் பயிற்சி நிலையத்தின் தலைவர், ஜோவிதாவின் ஆசிரியர். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக இருபது வருஷம் டாக்டர்களின் வாசலில் நின்றவர். குரல் மட்டும் வெண்ணெய்.

"சார், ஊரப்பாக்கம் பொன்னியம்மாள் ஞாபகம் இருக்கா?"

"உன் கேஸ் ஸ்டடி! மறப்பேனாம்மா? இப்பவும் ஜூனியர்ஸுக்கு அதைத்தான் மாடலாக் காட்டறோம்."

"அவங்களுக்கு அழச் சொல்லிக் கொடுத்தீங்களா சார்?"



"அது நடிப்பு இல்லம்மா, ஒரு டீச்சிங் மெத்தட். மெடிக்கல் காலேஜ்லயே பேஷன்ட் மாதிரி நடிக்க ஆள் வெச்சுப் பாடம் நடத்தறாங்களே."

"அங்க ஸ்டூடன்ட்ஸுக்கு அது நடிப்புன்னு தெரியும் சார். எங்ககிட்ட சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீ அவ்வளவு கான்ஃபிடன்ஸோட பாடியிருப்பியா? வேலைக்குப் போற பிள்ளைங்களுக்கு முதல்ல வேண்டியது கான்ஃபிடன்ஸ். அதைத்தான் நான் கொடுத்தேன்." கொஞ்சம்கூடத் தயங்காமல் தொடர்ந்தார். "நல்லவேளை கூப்பிட்டே. இருபதாம் தேதி புது பேட்ச் ஆரம்பம். நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

ஜோவிதா போனை அணைத்தாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதை நான் அன்றைக்கு நேரில் பார்த்தேன். அதுவும் அறுத்த கத்திக்கே நன்றி சொல்லப் பேச்சாளராக வா என்கிறார் அந்த மனிதர். எனக்கு வந்த கோபத்தில் நாவலூருக்குப் போய் அந்தக் கண்ணாடியில் நாலு கல்லை விடலாம் போலிருந்தது.

அவள் தரை விரிப்பில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பா டிரெயினிங் எடுத்தப்போ அவர் கையில மொதல்ல கெட்டுப்போன பிரேக்கைத்தான் கொடுத்தாங்களாம். கெட்டது எப்படி இருக்கும்னு தெரியணும்ல. எனக்கு ஒண்ணுகூடக் காட்டலையேக்கா. பாட்டுக்கு மசியாத ஆளை நான் பார்த்ததே இல்ல. கிளாஸ்ல ஒருத்தருக்கொருத்தர் பாடினோம், எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டோம். மூளையைப் பத்தி ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்லைடு போட்டாங்க, அவ்வளவுதான்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இன்னொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன். இவளுக்குக் கொடுத்தது ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை, மெழுகுச் சுரைக்காய்.

திடீரென்று நிமிர்ந்தாள். "ஹேமாக்கா, ஜமால் பாய் அழறது? அதுவும் பாட்டால இல்லையா?"

எனக்குப் பதில் தெரியும். பக்கவாதம் வந்த சிலருக்கு அழுகையின் கடிவாளம் அறுந்துபோகும். ஒரு சத்தம், ஒரு முகம், சின்ன அசைவு போதும், துக்கம் இல்லாமலேயே கண்ணீர் கொட்டும், நிறுத்த முடியாது. அவர்களுக்கே அது பெரிய அவமானமாக இருக்கும். நான் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்த பாடம் அது. அவளிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மூணாவது நாளே."

"நாலு வாரமா?"

"என் டிபார்ட்மென்ட் இல்லையேன்னு விட்டுட்டேன்மா. டாக்டரும் வீடியோ எடுத்தார்..."

சொல்லும்போதே நாக்கு கூசியது. டாக்டருக்கும் தெரிந்துதான் இருக்கும். மையத்துக்குப் பெயர் வருகிறது, வீட்டார் சந்தோஷப்படுகிறார்கள், நடுவில் நான் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். வந்த முதல் நாளே அவளைக் கிண்டலடிக்கத் தெரிந்த எனக்கு, ஒரு வார்த்தை எச்சரிக்கத் தெரியவில்லை. நாவலூர் கண்ணாடிக்கு எடுத்த கல்லில் ஒன்றை என் தலையிலும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜோவிதா என்னைத் திட்டவில்லை. "நீங்களுமாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு வாங்கிக் கொடுத்த பப்ஸை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் ஜஹீராவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டாம், பாட்டை மெல்லக் குறைத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்கவில்லை. நான் அவள் பக்கத்தில் நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜஹீரா கத்துவார் என்று நினைத்தேன். தலைமுக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டே மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்கதானேம்மா கையை விடாதீங்கன்னு சொன்னீங்க? பாட்டு ஆரம்பிச்சதும் அவங்க கையை உருவி உருவி இழுப்பாங்க. நான் விட மாட்டேன். அமுக்கிப் புடிச்சு வெச்சிருந்தேன். முப்பத்தொரு வருஷத்துல நான் அவங்களை ஒரு தடவைகூட அப்படிப் புடிச்சு வெச்சதில்ல." தன் கைகளையே பார்த்தார். "வேணாம்னு சொல்லத்தான் இழுத்தாங்களோ என்னவோ. அவங்களுக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு கைதான். அதையும் நான் கட்டிப் போட்டுட்டேனே."

ஜோவிதாவை ஏமாற்றியவர்கள் அவளோடு நிறுத்தவில்லை. அவள் வாய் வழியாக இந்த அம்மாளை ஏமாற்றி, இந்த அம்மாளின் கையாலேயே அந்த மனிதரின் வாயைப் பொத்தியிருக்கிறார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீங்க சொன்னா நான் இன்னிக்கே வேலையை விட்டுப் போயிடறேன் ஆன்ட்டி."

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றார் ஜஹீரா. "அவங்ககிட்ட கேளுங்க."

மூவரும் உள்ளே போனோம். ஜமால் பாய் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தார். ஜோவிதாவின் தோளில் கீபோர்டு உறை தொங்கியது. அதைப் பார்த்ததுமே உதடு கோணத் தொடங்கியது. அவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"பாய், நான் தப்புப் பண்ணிட்டேன். நீங்க அழறது நல்லதுன்னு நினைச்சேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, ஆனா நான் உங்களை ஒரு தடவைகூடக் கேக்கல. இப்பக் கேக்கறேன். பாட்டு வேணாம்னா இந்தக் கையைத் தூக்குங்க."

இடது கையைத் தொட்டுக் காட்டினாள். ஜஹீரா இரண்டடி தள்ளி, தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பாய் கையைத் தூக்கினார். யோசிக்கவே இல்லை. சிக்னலில் வண்டிகளை மறிக்கிற போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையை அவளுக்கு நேராகக் காட்டி நிறுத்தினார். ஜோவிதா தலையாட்டினாள். உறையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள். கை இறங்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு கதவுவரை போனாள். இறங்கவில்லை. தோள் நடுங்கியது, முழங்கை ஆடியது, அப்படியும் அவர் விடவில்லை. அவள் கதவைத் தாண்டிப் படியில் இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் கையை மடியில் போட்டார். உதடு நேராகியிருந்தது. அன்றைக்கு அவர் அழவில்லை. ஜஹீராதான் சுவரோரம் திரும்பி நின்று அழுதார்.

அதற்குப் பிறகு அந்தக் கையை அவர் என்னிடமும் தூக்க ஆரம்பித்தார். வலி பொறுக்காதபோது தூக்குவார், நான் நிறுத்துவேன். பத்தொன்பது வருஷத்தில் நோயாளி சொல்லி நான் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகிறவரை ஜோவிதாவின் கீபோர்டை அவர் அறைக்குள் அனுமதிக்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை. மன்னித்தாரா என்றால் தெரியாது. போகிற நாள் அவள் கும்பிட்டபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோவிதா வேலையை விடவில்லை. வாரம் ஒரு நாள் வருகிற பேச்சுப் பயிற்சி நிபுணருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள், அரிச்சுவடியிலிருந்து. அட்டையைக் கிழித்துவிட்டாள். லேமினேஷன் கிழியாது என்பதால் என் பெரிய கத்திரிக்கோலை வாங்கிப் போனாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இப்போது மேடம். எனக்கு அது வேண்டியதுதான். நாவலூர் நிலையம் முதலாவதாக வந்த மாணவி என்று விளம்பரத்தில் போட்ட அவள் படம் இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி மூன்று கடிதம் போட்டாள், பதில் இல்லை.

பொன்னியம்மாள் வாக்கரைப் பிடித்து நடக்கத் தேறி ஊரப்பாக்கத்துக்குத் திரும்பும் நாள் வந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தவர் நின்று ஜோவிதாவைக் கூப்பிட்டார்.

"கண்ணு, வார்டனம்மா போன் பண்ணாங்கோ. வர்ற மாசம் அடுத்த பேட்ச் வர்தாம். ஒரு பொண்ணு நல்லாப் படிக்குதாம், அதுக்கு என்னிய குடுக்கப் போறாங்களாம். இப்ப நா இன்னா பண்ணட்டும்? அழுவட்டா, வேணாமா?"

"அழாதீங்க பொன்னியம்மா. பாட்டு பிடிக்கலைன்னா கையைத் தூக்குங்க."

"ஐயோ, அந்தப் புள்ள ஃபெயிலாய்டுமே!"

"ஆகட்டும்" என்றாள் ஜோவிதா. அவர் வாக்கரை மடக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டாமல் உள்ளே தள்ளிவிட்டாள். "நானும் அன்னிக்கே ஃபெயில் ஆகியிருக்கணும்."